கனல் பக்கம் நீட்டிய கால்

எங்கள் இஸ்ஃபாரா ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள் நர்ஸ் ஒய்னிசா. வாய் பொல்லாதது, கை தங்கம். என் கணவர் கோல்மிர்சாவின் வலது கால் அவளிடம் போனது அக்டோபரில். பதினைந்து வருடச் சர்க்கரை; பெருவிரலுக்கடியில் ஆறாத புண். அறுவை மருத்துவர், காலை எடுத்துவிடலாம் என்று கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார். வேன் ஓட்டுகிற மனுஷனுக்கு வலது கால் போனால் என்ன மிச்சம்?

"இன்னும் ரத்தம் ஓடுது, பாருங்க டாக்டர்! வசந்தம் வரைக்கும் எனக்கு விடுங்க," என்றாள் ஒய்னிசா.

செத்த தோலைச் சுரண்டினாள், கழுவினாள், மருந்து வைத்தாள். புண்ணில் பாரம் விழாமலிருக்க, கம்பளத் துண்டில் துளை வெட்டிச் செருப்புக்குள் ஒட்டிக்கொடுத்தாள். நவம்பரில் புண் சுருங்கியது. டிசம்பரில் ஓரம் கறுத்து மறுபடி பெரிதானது. காகிதம் திரும்பவும் மேசைக்கு வந்தது.

"வெறுங்கால்ல நடக்கிறீங்களாண்ணே?"

"அல்லா சத்தியமா இல்ல, தங்கச்சி."

"பொய்னு தெரிஞ்சுதுன்னா, டாக்டர் வேணாம், நானே வெட்டிடுவேன்!"

மறுநாள் பனியில் நடந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சந்தலி போடுகிற காலம். தரைக்குழியில் கனல், மேலே குட்டை மேசை, அதன்மேல் கனத்த போர்வை. சுற்றி உட்கார்ந்து எல்லோரும் காலை உள்ளே நீட்டிக்கொள்வோம். கனலை அவர் பக்கமாகத் தள்ளிவைப்பது என் வழக்கம். நோயாளிக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன பெண்டாட்டி?

தேநீர் ஊற்றினேன். அவள் தொடவில்லை. போர்வையைத் தூக்கி அவர் காலருகே கையை விட்டவள் "ஐயோ!" என்று இழுத்துக்கொண்டாள். விரல்கள் சிவந்துவிட்டன.

"உங்களுக்குச் சுடலையாண்ணே?"

"இல்லையே, இதமாத்தான் இருக்கு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உணர்ச்சி செத்த காலைத் தினமும் நான்தான் சுட்டிருக்கிறேன்.

"கனலை வெளியில கொட்டுங்கக்கா."

"இந்தக் குளிர்லயா? கரண்டும் இல்ல. விருந்தாளி வந்தா என்ன நினைப்பாங்க?"

"விருந்தாளிக்கு ரெண்டு கால் இருக்கும். இவருக்கு?"

அள்ளிக்கொண்டுபோய்ப் பனியில் கொட்டினேன். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே மேல்சட்டை போட்டுக்கொண்டு நடுங்கினோம். ஒய்னிசா ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்றினாள்.

வசந்தப் பண்டிகையான நவ்ரூஸுக்கு முந்தின வாரம் கட்டைப் பிரித்தவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். பயந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். புண் மூடியிருந்தது, இளஞ்சிவப்பில் புதுத்தோல். வாய்விட்டு அழுதுவிட்டேன்.

"அழுதது போதும்க்கா. வலிச்சாலும் சுட்டாலும் இவருக்குத் தெரியாது. இனிமே தினமும் நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் பாதத்தை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.