அந்தோணி அண்ணன் வைத்த விளமீன் குழம்பு

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு ஓட்டலின் கண்ணாடிக் கதவை யாரோ திறந்தார்கள். ஏ.சி. குளிரோடு சேர்ந்து, தேங்காய் அரைத்துவிட்ட விளமீன் குழம்பின் வாசம் வந்தது. அவ்வளவுதான், நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் பத்தடி போன பிறகுதான் நான் பக்கத்தில் இல்லை என்று கண்டுபிடித்தார்.

என் முதல் வேலை அந்த ஓட்டலுக்கு எதிரே, ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில், டைப்பிஸ்டாக. நான் ஏரல் பக்கம், ஆற்றுத் தண்ணீரையும் நெல்லையும் பார்த்து வளர்ந்தவள். கடல் மீன் என்றால் மூக்கைப் பொத்துவேன். அந்தத் திமிர் பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. பக்கத்து மேஜை ரோஸ்லின் அக்கா ஒரு மத்தியானம் என் தயிர்சோற்று டப்பாவை மூடிவிட்டு, "ஏளா, தூத்துக்குடிக்கு வந்துட்டு இதையா திங்க? எந்திரி" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஓட்டல் அப்போதே மூன்று தலைமுறை கண்டது. தோணிக்காரர்களும் முத்துக்குளிக்கப் போனவர்களும் சாப்பிட்ட இடம் என்பார்கள். பெண்களுக்கென்று ஓரமாக ஒரு திரை தொங்கும். அக்கா அதை ஒரு நாளும் மதித்ததில்லை; லோடுமேன்களுக்கு நடுவில்தான் உட்காருவாள். சமையல் அந்தோணி அண்ணன். குழம்பை அவர் ருசி பார்க்கவே மாட்டார், கொதிக்கிற சத்தத்தைக் கேட்டே இறக்கிவிடுவார். முதல் கவளத்தை விழுங்கிவிட்டு நான் கை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "ஏளா, சாப்பிடு, கும்பிடாத" என்றாள் அக்கா.

அப்புறம் ஒரு மழைக்காலம். அண்ணனின் மூத்த மகனும் இன்னும் இரண்டு பேரும் மீன்பிடிக்கப் போன வள்ளம் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. தேடப் போன படகுகளும் சும்மாதான் வந்தன. மூன்றாம் நாள் காலையில் அண்ணன் வழக்கம்போல அடுப்புக்கு வந்துவிட்டார். "வீட்டுல இருந்தா கடலயேதான் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றாராம்.

அன்றைக்கும் போனோம். கூடம் நிறைந்திருந்தது. குழம்பைப் பிசைந்து வாயில் வைத்தேன். உப்பே இல்லை. நிமிர்ந்தேன். எதிரே இருந்த லோடுமேனும் நிமிர்ந்தார். விஷயம் முதலாளி காதுக்குப் போய், அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் கிளம்பினார். அந்த லோடுமேன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணும் கேக்காதிய. நாங்க சாப்பிடுதோம்."

மேஜைக்கு மேஜை உப்புக் கிண்ணம் இருந்தது. அடுப்படி ஜன்னல் வழியாக அண்ணன் பார்த்துவிடுவார் என்று ஒருவரும் அதைத் தொடவில்லை. எண்பது பேர் இருக்கும். காலையிலிருந்து மூட்டை சுமந்த பசி. சப்பென்ற அந்தக் குழம்பை எல்லாரும் சோறு தீரத் தீரச் சாப்பிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க" என்று இரண்டாம் தடவை கேட்டவர்களும் உண்டு.

அப்போது வாசலில் ஒரு சைக்கிள் தடாலென்று விழுந்தது. கோயில் தெருக்காரர் ஒருத்தர் ஓடி வந்தார்.

"ஏ அந்தோணி! மணப்பாட்டுல கரை ஏறிட்டானுவ! பங்குச் சாமியாருக்குப் போன் வந்திருக்கு. மூணு பேரும் நல்லாருக்கானுவ!"

இஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அண்ணன் அகப்பையோடு வந்து கூடத்து நடுவில் நின்றார். எங்கே போவது, என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை. ரோஸ்லின் அக்காதான் அவரைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். "மூணு நாளா பட்டினி. மொதல்ல இத வாயில போடுங்க" என்று தன் இலையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து நீட்டினாள்.

அண்ணன் மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

"எய்யா... இதுல உப்பே இல்லியே! இதையா எல்லாரும் திங்கிய?"

யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஓட்டல் இன்றும் இருக்கிறது. குழம்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணன் இல்லை, அக்கா மகளோடு வெளிநாட்டில். கப்பல்கள் தெற்கே புதுத் துறைமுகத்துக்குப் போய்விட்டன. அங்கே கண்டெய்னரை இறக்க ஒரு கிரேனும் அதற்குள் ஓர் ஆளும் போதும். அந்த எண்பது பேரில் ஒருவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல அந்தத் தெருவில் இப்போது யாரும் இல்லை.