பேருந்தில் சொன்ன ஹெய்

ஹெர்டிஸ் தன் ஊரான ஹாமாரில் யாருக்கும் முதலில் வணக்கம் சொன்னவள் இல்லை. அந்த ஊரில் அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதும் இல்லை. அங்கே பேருந்தில் தனியாக உட்கார இருக்கை இல்லாமல் போன பிறகுதான் ஒருவர் இன்னொருவர் பக்கத்தில் உட்காருவார். லிஃப்ட்டில் ஏறினால் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஹெர்டிஸுக்கு இதெல்லாம் சௌகரியமாகவே இருந்தது.

மலையில் மட்டும் வேறு சட்டம். பனித்தடத்தில் எதிரே ஸ்கீ என்ற சறுக்குப்பலகையில் வருகிறவர் யாராக இருந்தாலும் "ஹெய்" சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் போனால், உடம்புக்கு ஏதாவதா என்று நின்று திரும்பிப் பார்ப்பார்கள். கூச்சக்காரியான ஹெர்டிஸுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடிக்கும். யோசிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சொல். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி போய்விட்டிருப்பார். வருஷம் முழுக்க அவள் பேசாமல் விட்ட வணக்கங்களை எல்லாம் ஈஸ்டர் விடுமுறையில் சொல்லித் தீர்த்துவிடுவாள்.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது அம்மாவுக்கு முதுகு போனது. ஹெர்டிஸ் பள்ளிக்கூடத்தை விட்டு ரொட்டிக்கடைக்கு வேலைக்குப் போனாள். நாற்பத்தேழு வருஷமாகியும் அதே கடைதான். வாடிக்கையாளர்களை அவர்கள் வாங்குவதை வைத்து அவளுக்குத் தெரியும்: திராட்சை இல்லாத பன், ஓரம் கருகிய ரொட்டி, புதன்கிழமை மட்டும் ஏலக்காய் பன். பெயர்தான் தெரியாது. கேட்டதில்லை.

வகுப்பில் கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மட்டும் அவளை விடவில்லை. யோரூன் படித்து உடற்பயிற்சி ஆசிரியை ஆனாள். ஓய்வு பெற்ற பிறகும் விசில் ஊதுகிற மாதிரியேதான் பேசுவாள். வெங்கே முடி திருத்தும் கடை வைத்தாள்; இரண்டு கல்யாணம் செய்து இரண்டையும் முடித்துக்கொண்டாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மூவரும் யோரூனின் மலைவீட்டுக்குப் போவார்கள். மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது, கைபேசிக்குச் சிக்னல் எட்டாது. தண்ணீர் வேண்டுமென்றால் உறைந்த ஏரியில் போட்ட துளையில் வாளியை விட்டு மொள்ள வேண்டும். அது வீட்டு ஆட்களின் வேலை. பக்கத்து மலைவீட்டு அம்மாள் ஒருமுறை உதவியாக வாளியைத் தொட்டபோது, "நீங்க விருந்தாளி, உக்காருங்க" என்று யோரூன் பிடுங்கிக்கொண்டாள்.

கதவுக்கு மேலே ஒரு பலகை இருந்தது. "ஆண்களுக்கு இடமில்லை" என்று பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எழுதியது. வெங்கேயின் முதல் புருஷன் ஓர் ஈஸ்டருக்கு வந்து, புகைபோக்கியைத் திறக்காமல் அடுப்பைப் பற்றவைத்து, எல்லோரும் இருமிக்கொண்டிருக்கையில் அடுப்பு மூட்டுவது எப்படி என்று பாடம் எடுத்தான். அடுத்த வருஷம் வெங்கேயே அந்தப் பலகையை எழுதி மாட்டினாள்.

இருபத்தெட்டு வருஷமாக ஹெர்டிஸ் அந்தப் பலகைக்குக் கீழே குனிந்து உள்ளே போயிருக்கிறாள். ஒரு தடவைகூட அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்த வருஷம் ஸ்கீயைக் கழற்றியவுடன் நின்று படித்தாள்.

"என்னடி புதுசா பாக்கறே? எழுத்துப் பிழை எதாவது இருக்கா?" என்றாள் வெங்கே.

"இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஹெர்டிஸ்.

அவள் அதை நின்று படித்ததற்குக் காரணம், போன ஈஸ்டர் திங்கட்கிழமை நடந்த ஒரு பிசகு. அன்று மலையிலிருந்து இறங்கி, ஹாமாரில் ரயிலை விட்டு இறங்கி, நகரப் பேருந்தில் ஏறினாள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. தோளில் ஸ்கீ. நாக்கிலிருந்து மலைப்பழக்கம் இன்னும் இறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்துக் கணீரென்று "ஹெய்!" என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, இது மலை இல்லை என்று. பேருந்தே திரும்பிப் பார்த்தது. பின்னால் எத்தனையோ இருக்கைகள் காலி. ஆனால் வணக்கம் சொல்லிவிட்டு விலகிப் போனால் அது இன்னும் அசிங்கம். காது சிவக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவரும் "ஹெய்" என்று முனகினார். பிறகு ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பதும் நெற்றியைத் தேய்ப்பதுமாக வந்தார். கடைசியில் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

"மன்னிக்கணும். உங்க பேரு நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது. நமக்கு எங்க பழக்கம்?"

"நமக்குப் பழக்கமே இல்லீங்க. நான் மலையிலேருந்து வரேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "நான் எறங்க இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு. அதுவரைக்கும் இது மலையாவே இருக்கட்டுமே."

அவர் பெயர் ஓட்வார். கிறிஸ்டியான்சுந்துக்காரர். கடலோரம் பிறந்து, ஆட்களை ஏற்றிச்செல்லும் படகுகளில் சமையல்காரராக நாற்பது வருஷம் ஓட்டியவர். மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று ஹாமாருக்கு வந்திருந்தார். அடுத்த வாரம் ரொட்டிக்கடைக்கு வந்து ஏலக்காய் பன் கேட்டார். அந்த ஒரு வாடிக்கையாளரின் பெயர் மட்டும் ஹெர்டிஸுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு வருஷம் ஓடிப்போயிற்று. சிநேகிதிகளிடம் எத்தனையோ தடவை வாயெடுத்தாள். பலகை நினைவுக்கு வரும், வாய் மூடிக்கொள்ளும். ஓட்வார் மட்டும் விடவில்லை. "உன் சிநேகிதிங்களை நான் எப்பத்தான் பாக்கறது?" என்றார். ஏதோ ஒரு வேகத்தில், "ஈஸ்டர் சனிக்கிழமை மலைவீட்டுக்கு வாங்க. அதுக்குள்ள நான் சொல்லி வைக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஓட்வாருக்கு ஸ்கீ தெரியாது. அந்த நாட்டில் அதை வெளியே சொல்லவே ஆண்பிள்ளைகள் கூசுவார்கள். அவர் கூசவில்லை. குளிர்காலம் முழுக்க ஊருக்கு வெளியே வயலில் விழுந்து எழுந்து பழகினார்.

ஆக, சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அவளுக்கு உலகத்தில் இருப்பதே இந்த மூன்று பேர்தான். மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே அடங்குவார்களா, இல்லை இரண்டு பேர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமுமாக அவள் காலம் முழுக்க நடுவில் நிற்கவேண்டுமா என்பதுதான் அவளுடைய பயம்.

வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல நேரமாக அமைந்தது. அடுப்பு கணகணத்தது. ஈஸ்டர் என்றால் கொலைக்கதை படிக்காமல் இருக்கமுடியாது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே புத்தகம்தான் கொண்டுவருவார்கள். முதலில் படிப்பவள் வெங்கே. ஓர் அத்தியாயம் முடிந்ததும் கிழித்து ஹெர்டிஸிடம் கொடுப்பாள், ஹெர்டிஸ் படித்துவிட்டு யோரூனிடம். கடைசியில் இருப்பதால் யோரூனுக்கு எப்போதும் ஒரே கவலைதான்: கொலைகாரன் யாரென்று மற்ற இருவரும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்களோ.

ஹெர்டிஸ் கையிலிருந்த தாள்களை மடியில் வைத்தாள். "உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாதே!" என்றாள் யோரூன்.

"இல்ல, ஒரு ஆளைப் பத்தி."

"வாயை மூடுடி! நான் இன்னும் மூணாவது அத்தியாயத்துலதான் இருக்கேன்."

"இந்த ஆளு அதுல வரவரு இல்லடி. இவரு..."

"அந்தப் படகுக்காரனா?" என்றாள் வெங்கே ஆர்வமாக.

ஹெர்டிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ரெண்டாவது பக்கத்துலயே தெரியும். அவன் முழியே சரியில்ல."

யோரூன் காதைப் பொத்திக்கொண்டு, "கெடுத்துட்டீங்க! ரெண்டு பேரும் சேந்து கெடுத்துட்டீங்க!" என்று கத்தி, தாள்களோடு மேல்படுக்கையில் ஏறிக்கொண்டாள். பேச்சு அத்தோடு போயிற்று. வெள்ளிக்கிழமை முழுக்கக் காற்றும் பனியும். எல்லோரும் தாயக்கட்டை உருட்டினார்கள். வெங்கே தோற்றுக்கொண்டே இருந்ததால், அவளிடம் வேறு பேச்சு எடுபடவில்லை.

சனிக்கிழமை வெளுத்தபோது வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. இரவு பெய்த புதுப்பனி ஏரி முழுக்கப் பளபளத்தது. மூன்று பேரும் வெயில் படும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கலைமான் தோலில் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்தார்கள். வெங்கே தூரநோக்கியை எடுத்தாள்.

"அங்க பாருங்கடி, குச்சித்தடத்துல ஒருத்தன் வரான்."

வழி தவறாமல் இருக்க ஏரியின் குறுக்கே நட்ட குச்சிகளுக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி அசைந்தது. நின்றது. விழுந்தது.

"விழுந்துட்டான்" என்றாள் வெங்கே. "எழுந்துட்டான். இல்ல, மறுபடியும் விழுந்துட்டான்."

"டென்மார்க்காரனா இருப்பான்" என்றாள் யோரூன். வாங்கிப் பார்த்தாள். "ஐயோ, அவன் ஸ்கீயில போகல. நடக்கறான். மாடிப்படி ஏறுற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வெக்கறான்."

"டென்மார்க்காரன்தான். சந்தேகமே இல்ல. அங்க மலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, பாவம்."

"இப்ப பாரு, குச்சியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். பொண்டாட்டின்னு நெனச்சுட்டான் போல."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஹெர்டிஸுக்குத் தூரநோக்கி தேவைப்படவில்லை. அவர் தலையில் தெரிந்த சிவப்புக் குல்லாயைப் பின்னியவளே அவள்தான். கையிலிருந்த ஆரஞ்சு பிழிபட்டு விரலிடுக்கில் வழிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் வாசலுக்கு வந்து, எல்லாம் சொல்லியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் சிரிப்பார்.

புள்ளி மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை எழுந்திருக்க நேரமாயிற்று.

ஹெர்டிஸ் எழுந்து நின்றாள். "அவரு டென்மார்க்காரர் இல்ல" என்றாள். "கிறிஸ்டியான்சுந்து. பேரு ஓட்வார். அவரு என்னோட ஆளு. நான்தான் வரச்சொன்னேன்."

சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் ஸ்கீயை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டாள். வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்துபோவது போலத்தான் இதையும் அவளால் சொல்லமுடிந்தது.

ஏரி நடுவில் ஓட்வார் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் பனி. வாயைத் திறந்தார், கரகரவென்று காற்று மட்டும் வந்தது.

"தொண்டைக்கு என்னாச்சு?"

"நீதானே சொன்னே, மலையில பாக்கறவங்க எல்லாருக்கும் ஹெய் சொல்லணும்னு." குரல் தேய்ந்துபோயிருந்தது. "கீழே சாலையோரம் ஒரே கூட்டம். பஸ்ஸு பஸ்ஸா வந்து இறங்கறாங்க. ஒருத்தரையும் விடல. தொண்டை போயிடுச்சு."

"வண்டி நிக்கற இடத்துல வேண்டாங்க. தடத்துலதான்." ஹெர்டிஸ் சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த ஸ்கீக்கோலில் சாய்ந்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நான் அவங்ககிட்ட இப்பத்தான் சொன்னேன். இந்த நிமிஷம்தான்."

ஓட்வார் மலைவீட்டுப் பக்கம் பார்த்தார். இரண்டு உருவங்கள் வாசலில் அசையாமல் நின்றன. "வேண்டாம்னா திரும்பிடறேன்" என்றார். "எறக்கம்தானே. விழுந்தே போய்ச் சேந்துடுவேன்."

"வாங்க" என்றாள் ஹெர்டிஸ்.

வாசலில் வெங்கே அவரை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் முடியைத்தான் பார்த்தாள். யார் வெட்டினார்கள் என்று முகம் சுளித்தாள். யோரூன் அவரைப் பார்க்கவே இல்லை. ஹெர்டிஸைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?"

"போன ஈஸ்டர்லேருந்து."

"ஒரு வருஷமா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" விசில் குரல் இல்லை அது. அடிபட்ட குரல். ஹெர்டிஸ் பயந்தது பலகையைப் பற்றி. இதை அவள் யோசிக்கவே இல்லை.

"சொன்னேன்டி" என்றாள். "வியாழக்கிழமை. நீதான் வாயை மூடுன்னே. மூணாவது அத்தியாயத்துல இருக்கேன்னே."

வெங்கே வெடித்துச் சிரித்தாள். "ஐயையோ, படகுக்காரன்! நிஜமாவே படகுக்காரன்!"

"படகுல சமையல்காரர்" என்று ஓட்வார் கரகரத்தார்.

"அப்ப அந்தப் பலகை?" என்றாள் ஹெர்டிஸ்.

வெங்கே நிமிர்ந்து பார்த்தாள். "அது என் முதல் புருஷனுக்கு எழுதினது. அவன் பேரைப் போட எடம் பத்தல. ஆனா வீடு யோரூனோடது. அவதான் சொல்லணும்."

யோரூனின் கண் ஓட்வாரின் காலடிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. குனிந்து அவர் கழற்றி வைத்த ஸ்கீ ஒன்றைத் திருப்பினாள். அடியில் சாண் உயரத்துக்குப் பனி கெட்டித்துப் பிடித்திருந்தது.

"இதுல என்னத்தைப் பூசினீங்க?"

"பசை மெழுகு. கீழே பனி ஈரமா இருந்துச்சு."

"மேலே புதுப்பனி, பசை மெழுகுல ஒட்டிக்கும்னு தெரியாதா? எங்கிருந்து எங்க வரைக்கும் பூசினீங்க?"

"முனையிலேருந்து முனை வரைக்கும். குறைச்சலா இருக்கக் கூடாதுன்னு."

யோரூன் கண்ணை மூடித் திறந்தாள். "இதை வெச்சுக்கிட்டு சாலையிலேருந்து இங்க வரைக்கும் வந்தீங்களா? பாதி மலையைக் கால்ல கட்டித் தூக்கிக்கிட்டு?"

"விழுந்தப்பல்லாம் கொஞ்சம் உதிர்ந்துச்சு" என்றார் ஓட்வார்.

யோரூன் அவரை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். இரண்டு ஸ்கீயையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு சுரண்டியைத் தேடி விறகுக் கொட்டகைக்குப் போனாள். போகிற போக்கில் நின்று, கதவோரம் இருந்த வாளியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"சும்மா நிக்காதீங்க. காபிக்குத் தண்ணி இல்ல. துளை அந்தப் பாறைக்குப் பக்கத்துல. மொண்டப்புறம் மூடியைத் திருப்பி வெக்கணும்."

ஓட்வார் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அது யாருடைய வேலை என்று அவருக்குத் தெரியாது. ஹெர்டிஸுக்குத் தெரியும். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நசுங்கிய ஆரஞ்சின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள். இனிப்பாகவே இருந்தது.

வெங்கே தூரநோக்கியைக் கண்ணில் வைத்தாள். "மொண்டுட்டாரு. மூடியை வெச்சுட்டாரு. நல்ல பிள்ளை. வராரு, வராரு..."

"என்னடி?" என்றாள் ஹெர்டிஸ்.

"ஒண்ணுமில்ல" என்றாள் வெங்கே. "காபி கொஞ்சம் லேட்டாகும்."