சாமுராய்ச் சண்டையில் ஓடுகிறவன்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் திடீரென மழை பிடித்துக்கொள்ள, த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு பழைய சாமான் கடைக்குள் ஒதுங்குகிறோம். எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் சிவநேசனும் அவர் மனைவி கமலாவும் எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக்கலவரத்தில் கொழும்பிலிருந்து தப்பி வந்தவர்கள்.

சுவரில் ஒரு ஜப்பானிய மரஅச்சுப் படம். பாலத்தின் மேல் சாமுராய்கள் வாளோடு மோதுகிறார்கள். சிவநேசன் அதை விட்டு நகர்வதாக இல்லை. ஹாலில் மாட்ட வேண்டும் என்கிறார்.

"சண்டை வேண்டாமெண்டுதானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள். அதை ஏன் வீட்டுக்குள்ள கொண்டு வாறியள்?" என்கிறார் கமலா.

"இஞ்சேரும், அந்த வேலைப்பாட்டைப் பாரும்."

கமலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்க்கிறார். பிறகு படத்தின் ஓரத்தைக் காட்டுகிறார். அங்கே ஒருவன் ஈட்டியைப் போட்டுவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடுகிறான்.

"இது நீங்களோ? அண்டைக்கு மதிலேறிக் குதிக்கேக்க சாரத்தை இப்பிடித்தான் பிடிச்சிருந்தனீங்கள்."

"ஓம், நான்தான்," என்கிறார் சிவநேசன். "உம்மை ஏன் இதில காணேல்லையெண்டால், நீர் எனக்கு முன்னாலயே ஓடிட்டீர்."

கமலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இத்தனை நாளில் அந்தக் கலவர நாளைப் பற்றி இருவரும் என் முன்னால் கதைத்ததே இல்லை. பிறகு கமலாவே படத்தைக் கழற்றி, கடைக்காரரிடம் எடுத்துப்போகிறார்.