நட்ட மயிரும் மழித்த தலையும்

அலெக்ஸாண்டருக்கு அம்மா கொடுத்தது சுருட்டை மயிர், அப்பா கொடுத்தது வழுக்கை. இரண்டையும் ஒரே தலையில் கொண்டுவந்து சேர்த்த கடவுளுக்கு அன்றைக்குப் பொழுது போகவில்லை போலும்.

அப்பா இராஜரட்ணம் அறுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்குப் படிக்க வந்தவர். வந்த இடத்தில் ஜமேக்காவிலிருந்து வந்திருந்த குளோடெற் என்ற தாதியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஊரில் அதற்கு ஒரு பாட்டம் அழுது தீர்த்தார்கள். பிறகு சண்டைக்குத் தப்பிச் சொந்தக்காரர்கள் இங்கே வந்து இறங்கியபோது, விமான நிலையத்துக்குக் காரோட்டிப் போய் அவர்களை ஏற்றி வந்தது அதே குளோடெற்தான். ஆனாலும் அலெக்ஸின் சுருட்டைத் தலையைப் பார்த்தவுடன், "உவன் முழுக்கத் தாய்ப் பக்கம்" என்றார்கள். இராஜரட்ணத்தின் தம்பி தில்லைநாதன் அதை அவனுக்கு முன்னாலேயே சொல்வார். அவனுக்குத் தமிழ் விளங்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

அலெக்ஸ் ஸ்காபரோவில் பஸ் ஓட்டினான். ஆட்களைப் பார்ப்பதற்கு ட்ரைவருக்கு மேலே ஒரு பெரிய கண்ணாடி இருக்கும். அதில் ஆட்களுக்கு முன்னால் தெரிந்தது அவனுடைய உச்சந்தலைதான். மல்வேர்னில் ஏறுகிற அன்ரிமார் முன் சீற்றில் இருந்துகொண்டு, "நல்ல பெடியன், தலைதான் பாவம்" என்று தமிழில் இரக்கப்படுவார்கள். அவன் பிரேக்கைக் கொஞ்சம் பலமாக அழுத்துவான்.

மொட்டை அடித்துவிட்டுப் போ, இப்போது அதுதான் ஸ்டைல் என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். சொல்லுகிறவர்களுக்கு என்ன? அவனுக்குச் சவரக்கத்தி ஆகாது. ஒட்ட மழித்தால் சுருட்டை மயிர் வளைந்து திரும்பவும் தோலுக்குள்ளேயே குத்தும், பிடரியெல்லாம் கொப்புளம். சின்ன வயதிலிருந்தே அம்மாதான் தன் மயிர் வெட்டும் மெஷினால் அவனுக்கு மயிர் வெட்டினார். அக்கம்பக்கத்தில் எந்தச் சலூன்காரனுக்கும் அந்தத் தலை பிடிபடவில்லை.

ஆகவே மயிர் நடுவது என்று முடிவு செய்தான். முடிவு செய்தால் செய்ததுதான். அந்தப் பிடிவாதம் யாருடையது என்ற வழக்கு வீட்டில் இன்னும் தீரவில்லை.

முதலில் போன கிளினிக்கில், இந்த மாதிரி மயிருக்கு நாங்கள் செய்வதில்லை என்றார்கள். அடுத்த இடத்தில் தலையைச் சரியாகப் பார்க்காமலே திகதி கொடுத்தார்கள். அவன் எழுந்து வந்துவிட்டான். மூன்றாவது டொக்டர் ஒரு பெண். பக்கத்தில் அலையலையாகவும் மேலே சுருள் சுருளாகவும் இருந்த தலையை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். "வெளியே வளைகிற மாதிரி இது தோலுக்கு உள்ளேயும் வளைந்துதான் இருக்கும். நேராக வெட்டி எடுத்தால் வேர் அறுந்துபோகும். தழும்பு தடித்து வளரவும் கூடும். முதலில் கொஞ்சம் நட்டுப் பார்ப்போம். சரிவந்தால்தான் மிச்சம்" என்றார். நட்டார்கள். பல மாதங்கள் காத்திருந்தான். தடிக்கவில்லை, மயிர் முளைத்தது.

அப்பாவிடம் அப்போதுதான் சொன்னான்.

"என்ர தலையில என்னடா குறை?" என்றார் இராஜரட்ணம். "இந்தத் தலையோடதானே உன்ர அம்மாவைக் கட்டினனான்."

"உங்களை ஒண்டும் சொல்லேல்லை அப்பா."

"என்னட்ட இருந்து உனக்கு வந்தது உது ஒண்டுதான். அதையும் மறைக்கப் போறாய்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது அவனுக்குச் சுட்டது. ஆனாலும் குறித்த திகதியில் கிளினிக்கில் போய்ப் படுத்தான். பின்தலையிலிருந்து பட்டையாகத் தோலை எடுத்து, வேரின் வளைவுக்கு ஏற்றபடி துண்டு துண்டாக வெட்டி, முன்னால் நட்டார்கள். அடுத்த ஆண்டு அவனுடைய நெற்றிக்கு மேல் கறுகறுவென்று சுருள் நின்றது. அன்ரிமாருக்கு இரக்கப்பட ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பா அதை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் வழுக்கையைத் தடவினார்.

அந்த இலையுதிர் காலத்தில் இராஜரட்ணம் மாரடைப்பில் போய்விட்டார்.

செத்த வீட்டுக்கு ஆட்கள் கூடினார்கள். வோபர்னில் இருந்த அவருடைய வீட்டுக் குசினியில் தில்லைநாதன் தன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பிரவீனன், நீ கொள்ளி வை. உவனுக்கு முறை தெரியாது. தலை மழிக்கவும் ஏலாது. அவ்வளவு பாடுபட்டு நட்டு வைச்சிருக்கிறான்."

அலெக்ஸ் கதவடியில் தண்ணீர்க் கிளாஸோடு நின்றான். எத்தனை கிளினிக் ஏறி இறங்கி வளர்த்த மயிர், கடைசியில் அவனை அப்பாவிடமிருந்து பிரிக்கவா நின்றது? கிளாஸை மேசையில் வைத்தான்.

"சித்தப்பா, அவர் என்ர அப்பா" என்றான், தமிழில். "நான்தான் வைப்பன். தலையும் மழிப்பன்."

தில்லைநாதன் திடுக்கிட்டுப் போனார். "இஞ்ச இப்ப கனபேர் முகத்தை மட்டுந்தான் வழிக்கினம்" என்று சமாளித்தார்.

"அப்பா என்னட்டக் கேட்டது தலையைப் பற்றி, முகத்தைப் பற்றியில்லை" என்று சொல்லிவிட்டு அலெக்ஸ் போனை எடுத்தான்.

நட்டது வேர் பிடித்துவிட்டது, வெட்டினால் திரும்ப வளரும் என்றார் டொக்டர். ஆனால் கத்தி மட்டும் வேண்டாம். பின்னால் இருக்கிற தழும்பில் ஒரு கீறல் பட்டாலும் தடிக்கக்கூடும். மெஷினால் ஒட்ட எடுக்கலாம்.

தகனத்தன்று மண்டபத்தில் ஐயர், மெஷினென்றாலும் பரவாயில்லை, ஆனால் யார் எடுப்பது என்று கேட்டார். ஆம்பிளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன் வரிசையில் கறுப்புச் சட்டையோடு இருந்த குளோடெற் எழுந்து, கைப்பையிலிருந்து தன் பழைய மெஷினை வெளியே எடுத்தார். காலையில் மகன் கேட்டதும் எடுத்து வைத்தது. "இந்தத் தலையை வேறு யாரும் தொட விடமாட்டேன்" என்றார் ஆங்கிலத்தில். அது முறையில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். பக்கத்து அறையில் மெஷின் தொடங்கிய சத்தத்தில் அது கேட்கவில்லை.

அங்கே ஒரு கதிரையில் இருந்தான் அலெக்ஸ். சுருள்கள் மடியில் விழுந்தன. அம்மா அழுதுகொண்டே வெட்டினார். காதுக்குக் காது ஓடிய தழும்பு வெளியே வந்தது. அதுவரை யாருக்கும் காட்டாதது. இன்றைக்கு எல்லோரும் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து மண்டபத்துக்குள் நடந்தான்.

தில்லைநாதன் குடத்தோடு பெட்டியடியில் நின்றார். அவனைக் கண்டதும் அவர் வாய் திறந்தபடி நின்றது. பெட்டிக்குள் கிடந்த தலையைப் பார்த்தார். பிறகு அலெக்ஸின் தலையைப் பார்த்தார். அதே நீள மண்டை, அதே மேடு. நெற்றிக்கு மேல் நட்ட மயிரின் அடிகள் மட்டும் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன.

"ஐயோ, அண்ணையின்ர தலை" என்று வாய்விட்டு அழுதார் அவர்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும், குடத்தைத் தூக்கி அலெக்ஸின் தோளில் தானே வைத்தார்.

"வா மோனை" என்றார். "அப்பாவை அனுப்புவம்."