பதினேழாவது கட்டை

"நேத்துதானே ரெண்டு லோடு ஜல்லி கொட்டுனீங்க? எங்கய்யா போச்சு? முழுங்கிட்டீங்களா?"

"முழுங்கினது மண்ணு சார். கூட்ஸ் ஏற ஏற சேறு பொங்குது, ஜல்லி உள்ள போகுது. வண்டிய மெதுவா விடச் சொல்லுங்க. தட்டுனா சத்தமே சரியில்ல, வேகமா வந்தா கவுந்துடும்."

"லைன அளக்குற மெஷின் சரின்னு சொல்லுதே. உன் காது என்ன மெஷினுக்கு மாமனாரா?"

அன்றைக்கு இன்ஜினியருக்கும் எனக்கும் இப்படித்தான் சண்டை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இருபத்தாறு வருடமாகத் தண்டவாளம் பார்க்கிற மேஸ்திரி நான், கதை கட்டத் தெரியாது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாலை 4.10. நல்ல வெளிச்சம். 4.25க்கு நிலக்கரி கூட்ஸ் வர வேண்டும். ஓட்டி வருவது என் தங்கை புருஷன். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஜல்லியை இறுக்கியதும், தண்டவாளத்தைத் தாங்குகிற ஒவ்வொரு கட்டையையும் கடப்பாரையால் தட்டிப் பார்ப்போம். கெட்டியாக இருந்தால் 'டங்'. அடியில் காலியாக இருந்தால் 'டொப்'.

டங்... டங்... டங்... பதினேழாவது கட்டையில் டொப்.

மறுபடி ஒரு தட்டுத் தட்டினேன்.

அடியிலிருந்து இரண்டு தட்டு வந்தது.

ஆட்கள் நாற்பதடி தள்ளி நின்றார்கள். எல்லார் கையும் வெறுங்கை.

குனிந்து காதை வைத்தேன். மணி 4.16.

மூச்சு.

ஆள் மூச்சு வாங்குகிற சத்தம்...

ஓரமாக நட்டிருந்த சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு வண்டி வரும் பக்கம் ஓடினேன்.

"யோவ், வேலை போயிடும்யா!" பின்னால் இன்ஜினியர் கத்தினார்.

வளைவு திரும்பினேன். நான் கொடி காட்டுவதற்கு முன்பே வண்டி கிறீச்சிட்டு வந்து நின்றது. 4.24.

மாப்பிள்ளை இறங்கினார்.

"மச்சான்... யாரு அவரு?"

"யாரு?"

"ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். உடம்பெல்லாம் சேறு. நடு லைன்ல ரெண்டு கையையும் தூக்கிட்டு... பிரேக் அடிச்சேன், நிக்கல. மேலயே ஏத்திட்டேன் மச்சான்..."

எல்லாரும் போய்த் தேடினோம். ரத்தம் இல்லை. ஆளும் இல்லை.

பதினேழாவது கட்டையைத் தூக்கினார்கள். அடியில் ஆள் உயரப் பள்ளம், உள்ளே யாரும் இல்லை. வண்டி ஏறியிருந்தால் என் தங்கை...

ஒரு வாரம் கழித்துத்தான் மாப்பிள்ளை மீதியைச் சொன்னார்.

"அவரு நின்னுட்டு இருக்கல மச்சான். இடுப்புக்கு மேலதான் தெரிஞ்சுது. கீழ எல்லாம் ஜல்லிக்குள்ள..."

அந்த இடத்தில் ஒரு கல்கூட நகரவில்லை. நானே பார்த்தேன்.

வரும் திங்கட்கிழமை அங்கேயும் தோண்டிப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. முதல் கடப்பாரை என்னுடையது.

அவர் மேல் இறக்கலாமா? லைன் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.