மூன்று நாள் பேராசிரியை

உள்ளறையில் இரும்பு பீரோ கிறீச்சிட்டது. அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருந்த பாகீரதி கரண்டியை வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். கணவன் அனந்த் எதை எடுக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய முனைவர் பட்டச் சான்றிதழை.

அகத்தியமலைக் காட்டில் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து, ஏழு வருடம் பாசிகளைத் தேடி அலைந்து வாங்கிய பட்டம். பிறகு பதினான்கு வருடம், கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி, மணிக்கணக்குச் சம்பளத்துக்குத் தாவரவியல் கற்பித்தாள். போன ஜூனில் சேர ஆளில்லை என்று அந்த வகுப்பையும் மூடிவிட்டார்கள். நாட்டில் கல்வி வளர்கிறதாம்!

காப்பியோடு அவள் கூடத்துக்கு வந்தபோது, கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தான் அஜீஷ். அவளிடம் படித்து இரண்டு முறை தோற்றவன். இன்று கழக்கூட்டம் ஊருக்குப் பக்கத்தில் முளைத்திருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் இயக்குநர். எதை இயக்குகிறான் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

“டீச்சரே, திங்கள்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். டாக்டரேட் உள்ள ஆளு குறைவாக்கும். மூணு நாளு வந்து இருந்தா மதி, அது போதும். ஒண்ணும் படிப்பிக்க வேண்டாம்.”

“எந்த டிபார்ட்மெண்ட்ல?”

“டேட்டா சயன்ஸ். பாட்டனி நம்மகிட்ட இல்லியே. அதைப் படிச்சா ஆரு வேலை குடுப்பா?”

“என் சர்டிபிகேட்ல பாசின்னு இருக்கேடா!”

“சயன்ஸுன்னும் இருக்கில்லியா? ஊணு, சாப்பாடு நல்லா இருந்தா வர்ற ஆபீசருங்க அதுக்கு மேலே வாசிக்க மாட்டாங்க.”

அனந்த் கோப்புடன் வந்தான். “ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருக்கே, பாகி? அப்புறமா நிரந்தர வேலையே தரேங்கறார்.”

நிரந்தரம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் பதினான்கு வருடம் தவம் கிடந்தாள். காப்பியை அஜீஷ் முன்னால் வைத்தாள்.

அஜீஷ் உற்சாகமானான். “யூனிவர்சிட்டி காம்பஸைப் பாக்கணும் டீச்சரே! இருநூறு செடிச்சட்டி இறக்கியாச்சு. புதன்கிழமை சாயங்காலம் நர்சரிக்காரன் திரும்ப எடுத்துட்டுப் போயிருவான்.”

பாகீரதி சிரித்தாள். கண்களில் நீர் திரண்டது.

“அந்தச் சட்டி வரிசையிலே என்னையும் வச்சுட்டு, புதன்கிழமை லாரி ஏத்திடுவியாக்கும்?”

“அய்யோ டீச்சரே, அங்ஙனே அல்ல...”

“நீ என்கிட்ட ரெண்டு தடவை தோத்தே. தெரியாததைத் தெரியும்னு எழுதாம, வெறும் பேப்பரைக் குடுத்துட்டுப் போனே. அந்தப் பையன் யோக்கியன். இப்ப இங்க உக்காந்திருக்கற இவன் யாரு? காப்பியைக் குடிச்சுட்டுக் கிளம்பு.”

கணவன் கையிலிருந்த கோப்பைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். நாளைக்கு என்ன வழி என்று அனந்த் பல்லைக் கடித்தான்.

அஜீஷ் காப்பியைத் தொடாமல் எழுந்து வெளியேறினான். நாற்காலியில் விட்டுப்போன வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை அவன் முதுகுக்குப் பின்னால் தெருவில் போட்டுவிட்டு, பாகீரதி கதவைச் சாத்தித் தாழிட்டாள்.