ராஜம் அத்தை கட்டியது அன்றைய பூ

நான் வேலை செய்யும் பிரிக்ஃபீல்ட்ஸ் துணிக்கடையில் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது அப்பா அழைத்தார். "ராஜம் அத்தை போயிட்டாங்கம்மா. நீ கெளம்பி வா" என்றார். கிள்ளான் போகும் ரயிலில் எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

அத்தை அப்பாவின் அக்காள். கிள்ளானில் பூக்கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வரம் உண்டு என்பது அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. அப்பா குடையை எடுத்தால் தெருவே கொடியில் காயும் துணியை எடுத்துவிடும். அத்தை கட்டிய பூவோ, அணிந்தவர் பொய் சொன்னால் அங்கேயே வாடிவிடும். அதற்காகவே நிச்சயதார்த்த மாலைக்கு அவரிடம் வருவார்கள். ஒரு மாப்பிள்ளை, சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்றார். மாலை இடுப்புவரை வாடியது. "பரவால்ல தம்பி, கீழ இன்னும் பூ இருக்கு. இப்ப உண்மையச் சொல்லுங்க" என்றாராம் அத்தை. அந்தத் தம்பதி இன்றும் தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவருகிறார்கள்.

எனக்கு வரம் எதுவும் இல்லை. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. பதினாறு வயதில், படிவம் நான்கில் படித்தபோது, ஆசிரியர் என்னை வகுப்பின் முன் நிறுத்திப் பேசச் சொன்னார். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. சீருடையில் கிளம்பி, பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். வெள்ளிக்கிழமைகளில் அத்தை என் தலையில் மல்லிகைச் சரம் வைப்பார். திரும்புமுன் அதைக் கழற்றிவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை மறந்துவிட்டேன்.

அன்று அத்தையின் பூக்கடையில் நல்ல கூட்டம். பள்ளியில் என்ன நடத்தினார்கள் என்று அம்மா கேட்டார். கணக்கு என்றேன். சரம் கருத்துத் தோளில் உதிர்ந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

"அத்தை நேத்துப் பூவ வச்சிட்டாங்க" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தபடியே என் தோளிலிருந்த பூவைத் தட்டிவிட்டார். "ஆமாலா, நேத்துப் பூதான். என் தப்பு" என்றார்.

அந்தப் பொய்க்குப்பின் அவர் கட்டியவை வெறும் பூக்களாகிவிட்டன. யார் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அவை வாடவில்லை. பழைய பூ விற்கிறார் என்ற பேச்சும் பரவியது. கல்யாணக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். நான் பள்ளிக்குப் போகாதது பின்னர் வெளிப்பட்டபோது வீட்டாருக்கு எல்லாம் புரிந்தது. "பயந்த புள்ள, திட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார் அத்தை. தெருவுக்கு உண்மையைச் சொல்ல வேண்டியவள் நான். இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

இறுதிச் சடங்கில் ஒருவர், "நல்ல மனுஷி, கடைசியிலதான் பழைய பூவ வித்துப் பேரக் கெடுத்துக்கிட்டாங்க" என்றார். எழுந்து நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே எழுதுகிறேன். அன்று அத்தை என் தலையில் வைத்தது, அன்று காலையில் வந்திறங்கிய மல்லிகை. பொய் சொன்னவள் நான். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய்யும் என்னைக் காப்பாற்றச் சொன்னது.

இதுவரை எழுதியதைப் பிரதி எடுத்து, நேற்று பூக்கடை வரிசையில் முதல் மூன்று கடைகளில் கொடுத்தேன். மூன்றாவது கடையில் அதை வாங்கியவரிடம் மூக்குக்கண்ணாடி இல்லை. "நீயே படிம்மா" என்றார். படித்தேன். நடுவில் நிறுத்தாமல் முடித்தேன்.

போய் வாருங்கள் அத்தை. மீதிக் கடைகளுக்கு நாளை போகிறேன்.